ஏரியின் பயன்களை வரைபடமாக்கி அரசு முடிவுகளுக்குக் கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஏரி நிலத்தில் பேருந்து நிலையமோ தொழிற்பேட்டையோ அரசு அலுவலகமோ கொண்டுவரும் திட்டம் ஒரு கோப்பாகத்தான் தொடங்குகிறது. கோப்பில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், வழிகாட்டி மதிப்பு இருக்கும். ‘பல ஆண்டுகளாக நீர் தேங்குவதில்லை, பாசனப் பயன்பாடு இல்லை’ என்று ஒரு வரிக் குறிப்பும் இருக்கும். அந்த ஏரியால் எத்தனை கிணறுகளில் ஊற்று நிற்கிறது, மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்கு வெள்ளம் வராமல் தடுக்கிறது, யார் வீட்டு ஆடு எங்கே மேய்கிறது என்பதெல்லாம் எழுதவேண்டிய பக்கம் மட்டும் காலியாக இருக்கும். எழுதப்படாததை மதிப்பில்லாததாக எடுத்துக்கொண்டே கையெழுத்து விழுகிறது.

அந்தப் பக்கத்தை நிரப்பும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இயற்கையிலிருந்து மனிதர்களுக்குக் கிடைக்கும் பயன்களைச் சூழல் சேவைகள் என்கிறோம். 2005இல் 95 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட புத்தாயிர சூழல் மதிப்பீட்டு அறிக்கை இவற்றை நான்காகப் பிரித்தது: பொருளாகக் கிடைப்பவை (நீர், மீன், தீவனம்), ஒழுங்குபடுத்துபவை (வெள்ளத் தடுப்பு, நிலத்தடி நீர் ஊறல்), பண்பாட்டுப் பயன்கள், இவற்றுக்கெல்லாம் அடித்தளமான மண், உயிர்ச் சுழற்சிகள். அலையாத்திக் காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும்கூட முறை இதேதான். தமிழ்நாட்டில் அடிக்கடி பறிபோவது ஏரி என்பதால் ஏரியையே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படி வரைந்த ஒரு வரைபடம் ஒரு நிலப்பரப்பைக் காப்பாற்றியதற்குக் கொல்கத்தா சாட்சி. நகரத்துச் சாக்கடை கடைசியில் எங்கே போகிறது என்று 1980களில் தேடிப் போனார் மேற்கு வங்க அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ். கிழக்கே இருந்த மீன் குளங்களில் அந்தக் கழிவுநீர் வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, மீனாகவும் காய்கறியாகவும் நெல்லாகவும் நகரத்துக்கே திரும்புவதைக் கண்டார். அந்தப் பகுதிக்கு எல்லை போட்டு வரைபடமாக்கினார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த ஈரநிலத்தைப் பாதுகாக்க உத்தரவிட்டது. 2002இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நகரத்துச் சாக்கடை வாய்க்கால் வழியாகக் குளங்களுக்குப் போய் உணவாகத் திரும்புவதை அந்த வரைபடம் கோத்துக் காட்டியது. நாம் செய்யப்போவதும் அந்த வேலைதான்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள், யாருடைய கையெழுத்து அது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஏரியின் சூழல் சேவைகளை மதிப்பிடுதல்’ என்று பொதுவாகத் தொடங்கும் ஆய்வு பெரும்பாலும் அழகான அறிக்கையாகி அலமாரிக்குப் போய்விடும். ‘மேற்கு உள்வாயில் (ஏரிக்குள் நீர் பரவும் பகுதி) 30 ஏக்கரை வகைமாற்றம் செய்யலாமா’ என்று கேள்வி குறுகினால், எதை அளக்கவேண்டும், எதை விடலாம் என்பது தானாகத் தெளியும்.

கையெழுத்து யாருடையது என்பது நினைப்பதைவிடச் சிக்கலானது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் பராமரிப்பில் இருக்கும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிலம் என்று வந்தால் வருவாய்த் துறை. மீன் குத்தகைக்கு ஒருவர், கரையில் நட்ட மரங்களுக்கு வேறொருவர். ஒரே ஏரிக்கு நான்கைந்து கோப்புகள் நான்கைந்து அலுவலகங்களில் இருக்கும். அவற்றின் பட்டியலை இப்போதே போட்டுவிடுங்கள்.

அப்புறம் மாற்று வழிகள். குறைந்தது மூன்று வேண்டும்: இப்போது இருப்பதுபோல் விடுவது, 30 ஏக்கரை மாற்றுவது, வரத்துக் கால்வாயைச் சீரமைத்து ஏரியை முழுக் கொள்ளளவுக்குக் கொண்டுவந்து கட்டடத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது. கடைசி அளவீடு வரை இந்த மூன்றையும் அருகருகே வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். ‘இருப்பதுபோல் விடுவது’ என்றால் ஏரி இப்படியே நிற்கும் என்று பொருளாகாது. வண்டல் சேரும், சீமைக்கருவேலம் பரவும், பத்தாண்டில் கொள்ளளவு குறையும். அந்தச் சரிவையும் கணக்கில் காட்டுவதுதான் நேர்மை.

படி 2: எல்லை ஒன்றல்ல, மூன்று

முதலாவது வருவாய் எல்லை. அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), கிராம வரைபடம், புல வரைபடம் ஆகியவற்றிலிருந்து சர்வே எண்களை எடுங்கள். ஏரி முழுக்க நிறைந்தால் தண்ணீர் நிற்கும் கோட்டையும் அதே படத்தில் வரையுங்கள். இரண்டும் பல இடங்களில் பொருந்தாது. உள்வாயில் பட்டா நிலம் இருக்கும், புறம்போக்கு என்று பதிவான இடம் மேடாக இருக்கும். தகராறு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இரண்டாவது நீர் எல்லை: மழைநீர் எங்கிருந்தெல்லாம் இந்த ஏரிக்கு வருகிறது, கலங்கல் (மிகைநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எந்த ஏரிக்குப் போகிறது. நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியில் செய்யும் மாற்றம் கீழ் ஏரியின் கரையில் உடைப்பாகத் தெரியலாம். ஆகவே மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரியாவது உங்கள் படத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது எல்லைதான் பலர் போடத் தவறுவது. பயன் போய்ச் சேரும் இடங்களின் எல்லை அது. வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். கூடு கட்டும் பறவைகளோ சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. அதனால்தான் பறவைகளை அவர்களே காத்துவந்தார்கள். சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கூடு ஏரிக்குள், சாப்பாடு வெளியே.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில் தாக்க மண்டலம் என்று ஒரு வரையறை உண்டு. நீர்பிடிப்புப் பகுதியில் எந்தப் பகுதியின் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்தைப் பாதிக்குமோ அதுதான் தாக்க மண்டலம். இரண்டாவது, மூன்றாவது எல்லைகளைச் சரியாகப் போட்டிருந்தால் தாக்க மண்டலம் பற்றிப் பேச உங்கள் கையில் ஏற்கெனவே ஆதாரம் இருக்கும்.

படி 3: கணினிக்கு முன்னால் கரை

ஏரிக்கு அதிகாலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போங்கள். தண்ணீர் நிறைந்த மார்கழி, தையிலும் போங்கள், வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசியிலும் போங்கள். வருபவர்கள் வேறு வேறு ஆட்கள்.

மடை திறந்து மூடுபவரைத் தேடிப் பிடிப்பது முதல் வேலை. நீர்க்கட்டி, மடையர், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த மடையில் எத்தனை நாள் தண்ணீர் போனால் எந்த வயல்வரை ஏறும், கலங்கல் கடைசியாக எந்த வருடம் வழிந்தது, எந்த வாய்க்காலை யார் மறித்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். மண்ணில் கோலமாவால் ஏரியை வரையச் சொன்னால் பத்து நிமிடத்தில் வரைந்துவிடுவார். அதைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பாதி விஷயம் அதில் இருக்கும்.

அப்புறம் மற்றவர்கள். மீன் குத்தகைக்காரர், குத்தகை முடிந்தபின் மிச்சத்தைத் துழாவிப் பிடிக்கும் குடும்பங்கள், கோரை அறுப்பவர்கள், ஆடு மாடு ஓட்டி வருபவர்கள், வண்டல் அள்ளும் விவசாயிகள், மண்பாண்டம் செய்வோர், துணி துவைக்க வருபவர்கள், கரைப் பனையில் நுங்கும் ஓலையும் எடுப்பவர்கள், அய்யனாருக்குப் பொங்கல் வைப்பவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத உணவு அன்று வீடு வீடாகப் போகிறது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு தெருவிலும், ஊருக்கு வெளியே ஒதுங்கிய குடியிருப்புகளிலும் தனித்தனியாகப் பேசுங்கள். ஊர்க்கூட்டத்தில் பேசுவது பெரும்பாலும் ஆயக்கட்டுக்காரர்களும் குத்தகைக்காரர்களும்தான். நிலம் இல்லாதவர்களுக்குத்தான் ஏரியின் தீவனமும் விறகும் மீனும் அன்றாடத் தேவை, அவர்கள் பெயர்தான் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. என்னைக் கேட்டால் இந்த மதிப்பீடு முழுவதிலும் மிக முக்கியமான பகுதி இதுதான். இதைச் செய்யாமல் எடுத்த கணக்கு, ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் குரலை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்யும், அவ்வளவுதான்.

ஏரியால் வரும் தொல்லைகளையும் எழுதுங்கள். கொசு, பன்றி, புதர், ஆகாயத்தாமரை. இவற்றை மறைத்தால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதைத்தான் எடுத்துப் பேசும்.

படி 4: வரைபட அடுக்குகள்

வரைபடம் போட இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS) போதும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, காசில்லாமல் கிடைக்கின்றன. பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு வரும் நீர்க் குறியீட்டைப் போட்டால் தண்ணீர் நிற்கும் பரப்பு தனியாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையின்போது மேகம் மறைத்துவிடும் என்பதால் அந்த மாதங்களுக்கு ரேடார் கொண்ட சென்டினல்-1 படங்களைப் பயன்படுத்துங்கள். பழைய நிலைக்கு லேண்ட்சாட் இருக்கிறது, 1972 முதல் படங்கள் உண்டு. அதற்கும் முன்னால் என்றால் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள். இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தையும் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆகாயத்தாமரையோ சீமைக்கருவேலமோ மூடிய நீர்ப்பரப்பு, படத்தில் பசுமை நிலமாகத்தான் தெரியும். கரையில் நின்று சரிபார்க்காமல் ‘ஏரி பாதி வற்றிவிட்டது’ என்று எழுதினால், ‘நீர் தேங்குவதில்லை’ என்ற கோப்பு வரிக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். அடுத்தது உயரம். இலவசமாகக் கிடைக்கும் உலக உயர மாதிரிகளில் பிழை சில மீட்டர்வரை போகும். ஏரிக்கரையே சில மீட்டர் உயரம்தான். நீர்பிடிப்புப் பகுதியைத் தோராயமாகப் போட அந்த மாதிரிகள் உதவும், முழுக் கொள்ளளவுக் கோட்டை வரைய உதவாது. அதற்குக் கலங்கலின் தலை மட்டத்திலிருந்து லெவல் கருவியால் அளந்து வரவேண்டும். நீர்வளத் துறையின் ஏரி நினைவுக் குறிப்பேட்டில் கலங்கல் மட்டம், கொள்ளளவு, ஆயக்கட்டு ஆகியவை இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுக்குகள் இவை போதும்: சர்வே எண்கள், முழுக் கொள்ளளவுக் கோடு, வரத்து மற்றும் போக்குக் கால்வாய்கள், மடை, கலங்கல், ஆயக்கட்டு, கிணறுகள், குடியிருப்புகள், மேய்ச்சல் இடங்கள், வழிபாட்டு இடங்கள், முன்பு வெள்ளம் நின்ற தெருக்கள். கடைசியாகச் சொன்னதை வீட்டுச் சுவரில் உள்ள தண்ணீர்க் கறையைக் கேட்டு அளந்து செல்போன் ஜிபிஎஸ்ஸில் குறித்துவிடலாம்.

படி 5: அளவு

எல்லாவற்றையும் அளக்கவேண்டாம். முடிவை மாற்றக்கூடிய மூன்று நான்கு சேவைகளை எடுத்து ஒழுங்காக அளந்தால் போதும். பெரும்பாலான ஏரிகளுக்கு அவை வெள்ளத் தடுப்பு, நிலத்தடி நீர், பாசனம், நிலமற்றோரின் வாழ்வாதாரம்.

வெள்ளத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் உள்வாயை மேடாக்கும் திட்டங்கள் தோற்பது இங்கேதான். ஒரு கணக்குக்கு 100 ஏக்கர் ஏரி, சராசரி ஆழம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு ஏறக்குறைய 4 லட்சம் கன மீட்டர், பொதுப்பணிக்காரர்கள் பேசும் கணக்கில் சுமார் 14 மில்லியன் கன அடி. நீர்பிடிப்பு 10 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை, அதில் பாதி ஓடி வருகிறது என்றால் வரத்து 5 லட்சம் கன மீட்டர். அன்று ஏரி ஏற்கெனவே 60 சதவீதம் நிறைந்திருந்தால் மீதி இடம் 1.6 லட்சம். வரும் வெள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஏரி தாங்கிக்கொள்கிறது.

இப்போது 30 ஏக்கர் உள்வாயை மண் கொட்டி உயர்த்துங்கள். அந்த ஓரம் ஆழமில்லாதது, முழுக் கொள்ளளவுக் கோட்டுக்குக் கீழே சராசரியாக அரை மீட்டர்தான். போகும் கொள்ளளவு வெறும் 60 ஆயிரம் கன மீட்டர், மொத்தத்தில் 15 சதவீதம். கேட்பவருக்குச் சின்ன இழப்பாகத் தோன்றும். ஆனால் அந்த 60 ஆயிரமும் ஏரியின் மேல்மட்டத்தில் இருக்கும் இடம். வெள்ளத்தன்று காலியாக இருந்த 1.6 லட்சத்திலிருந்துதான் ஏறக்குறைய அது முழுவதும் போகிறது. மிச்சம் 1 லட்சம். தாங்கும் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக விழுகிறது. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடந்து, ஆடு மேய்ந்து, ‘பயனற்ற நிலம்’ என்று பெயர் வாங்கிய ஓரம்தான் அந்த ஒரு இரவில் ஊரைக் காக்கிறது. உங்கள் ஏரியின் உண்மையான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மழையை 10, 20, 30 சென்டிமீட்டர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். 30 சென்டிமீட்டர் மழையில் இந்த அளவு ஏரியால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது என்பதும் அதில் தெரியவரும், அதையும் மறைக்கவேண்டாம்.

நிலத்தடி நீருக்கு இரண்டு வழிகள். மத்திய நிலத்தடி நீர் வாரிய முறையில் ஏரியில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்குச் சராசரி நீர்ப்பரப்பில் நாளுக்கு 1.4 மில்லிமீட்டர் ஊறுவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஏரியில் சராசரி நீர்ப்பரப்பு 60 ஏக்கர், 120 நாள் என்றால் ஏறக்குறைய 4 கோடி லிட்டர். ஒரு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்ற கிராமக் குடிநீர் அளவில் 2,000 பேருக்கு ஒரு வருடத் தண்ணீர். கூட்டத்தில் சொல்லவேண்டிய வாக்கியம் இதுதான், 4 கோடி என்ற எண் யார் மனதிலும் நிற்காது.

இரண்டாவது வழி நேரடி அளவீடு. ஏரிக்குக் கீழே சில கிணறுகள், ஏரியின் தாக்கம் எட்டாத தூரத்தில் அதே மண், அதே பாறை உள்ள சில கிணறுகள். நாடாவின் நுனியில் சாக்பீஸ் பூசி இறக்கினால் நனைந்த இடம் பளிச்சென்று தெரியும். மழைக்கு முன்பும், மழை முடிந்தபின் மாதம் ஒருமுறையும் அளந்துபாருங்கள். அதிகாலையில், மோட்டார் போடும் முன்னால் அளப்பது அவசியம். தை, மாசியில் இரு கூட்டக் கிணறுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஏரியின் பங்கு தெரியும். பாறைப் பகுதிகளில் மண்ணும் பாறையும் தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடம் மிகக் குறைவு, பல இடங்களில் 1 முதல் 3 சதவீதம்தான். அதனால் கிணற்றில் நீர் மட்டம் ஒரு மீட்டர் ஏறியதை வைத்து ஒரு மீட்டர் தண்ணீர் ஊறிவிட்டது என்று எழுதக்கூடாது.

பாசனத்துக்கு ஆயக்கட்டு ஏக்கரைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். பதிவேட்டில் 200 ஏக்கர் இருக்கும், வீட்டு மனையானதும் தென்னந்தோப்பானதும் போக 120 பாயும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டையும் நீர்க்கட்டியின் சொல்லையும் ஒத்துப்பாருங்கள்.

வாழ்வாதாரத்துக்கு வீட்டுக் கணக்கு எடுக்கவேண்டும்: வாரத்துக்கு எத்தனை நாள் மேய்ச்சல், எத்தனை கட்டுத் தீவனம், ஏரி இல்லாவிட்டால் அது எங்கிருந்து வரும். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

படி 6: கொடுக்கும் இடமும் பெறும் ஆளும்

இப்போது இரண்டு படங்கள் வேண்டும். ஒன்றில் சேவை பிறக்கும் இடம், மற்றதில் அதைப் பெறுபவர்கள். நடுவில் அவற்றை இணைக்கும் பாதை: வாய்க்கால், நிலத்தடி ஓட்டம், காலடித் தடம். ஒவ்வொரு சேவைக்கும் இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதைப் படத்தில் போடவேண்டாம். நிறம் பூசிய ‘அதிகம், நடுத்தரம், குறைவு’ வரைபடங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும், யாருடைய பிழைப்பு எங்கே போகிறது என்பதை அவை சொல்லாது.

பிறகு படி 1இல் எழுதிய மூன்று மாற்று வழிகளுக்கும் தனித்தனியாக அதே படத்தைப் போடுங்கள். எந்த வழியில் யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது? கட்டடத்தின் பயனும் இதில் வரவேண்டும். பேருந்து நிலையம் ஊருக்குத் தேவைதான், அந்தத் தேவையை மறுத்துக் கணக்குப் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சில ஏரிகளில் சேவைகளுக்குள்ளேயே மோதல் உண்டு. மீன் வளர்க்க அடிமட்டத் தண்ணீரைப் பிடித்து வைக்க நினைப்பார் குத்தகைக்காரர், கடைசி நனைப்புக்கு அதைக் கேட்பார் கடைமடை விவசாயி. அதையும் படத்திலேயே காட்டுங்கள்.

படி 7: ரூபாய் கணக்கு, தேவைப்பட்டால் மட்டும்

எல்லாவற்றையும் பணமாக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘2,000 பேர் குடிநீர்’, ‘நான்கு தெருக்களில் முழங்கால் வெள்ளம்’ என்ற அளவிலேயே பல முடிவுகள் மாறும். எதிரே செலவு-வரவு அறிக்கை இருந்தால் மட்டும் பணத்தில் பேசுங்கள்.

அப்போது நம்பகமான வழிகள் மூன்று. சந்தையில் விற்கும் பொருளுக்குச் சந்தை விலை, அதிலிருந்து கூலி, வலை, படகுச் செலவு கழித்து. நெல்லின் முழு மதிப்பையும் ஏரிக்கு எழுதுவது தவறு, ஏரி நீர் இல்லாமல் மானாவாரியில் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கழித்த மீதிதான் ஏரியுடையது.

இரண்டாவது, அதே வேலையைச் செய்ய வேறு ஏற்பாட்டுக்கு என்ன செலவாகும் என்பது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் கழிவுநீர் நகிவுபோ சதுப்பு நிலம் வழியாகத்தான் விக்டோரியா ஏரிக்குப் போகிறது. நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடமும் அந்தப் பக்கம்தான். சதுப்பை வடித்து விவசாய நிலமாக்கும் யோசனை இருந்தது. 1999இல் செய்த ஆய்வு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சேவையின் மதிப்பை வருடத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் முதல் 17.5 லட்சம் டாலர் என்று காட்டியது. அதே திறனில் சுத்திகரிப்பு நிலையம் நடத்த வருடம் 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். வடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. இந்த முறையைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை உண்டு: அந்த மாற்று ஏற்பாட்டை உண்மையிலேயே யாராவது கட்டியாகவேண்டிய நிலை இருக்கவேண்டும்.

மூன்றாவது, தவிர்த்த சேதம். 1999 ஒடிசா பெரும்புயலுக்குப் பிறகு பித்தர்கனிகா பகுதியில் மூன்று கிராமங்களை ஒப்பிட்டார்கள். அலையாத்திக் காட்டின் பின்னால் இருந்த ஊரில் ஒரு வீட்டுக்குச் சராசரி இழப்பு 33 டாலர். காடும் இல்லாமல் கரையும் இல்லாத ஊரில் 44. காடு இல்லாமல் மண்கரை மட்டும் போட்டிருந்த ஊரில் 154. கரை உடைந்து உள்ளே வந்த உப்பு நீர், அதே கரை மறித்ததால் வெளியேற முடியாமல் வயலில் தங்கிவிட்டது. மூன்று ஊர்களில் வீடு வீடாகக் கேட்டே இத்தனை கூர்மையான உண்மை வந்திருக்கிறது.

செய்யக்கூடாதவை சில. உலக சராசரியை எடுத்து உங்கள் ஏரியின் ஹெக்டேரால் பெருக்காதீர்கள். உலகம் முழுவதன் சூழல் சேவைகளுக்கும் வருடம் 33 லட்சம் கோடி டாலர் என்று 1997இல் ஒரு மதிப்பீடு வந்தது. கவனத்தை ஈர்க்க அது பயன்பட்டது, வட்டாட்சியர் மேசையில் பயன்படாது. நிலத்தடி ஊறலுக்கு ஒருமுறை, அந்த ஊறலால் விளைந்த கிணற்றுப் பாசன நெல்லுக்கு இன்னொருமுறை என்று ஒரே பயனை இருமுறை எண்ணாதீர்கள். அய்யனார் கோவிலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விலை போடாதீர்கள். அவற்றைச் சொற்களில் எழுதி, எத்தனை ஊர்கள், எத்தனை குடும்பங்கள் என்று மட்டும் குறியுங்கள்.

படி 8: எதை எவ்வளவு நம்பலாம்

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: அளந்தது, கணக்கிட்டது, மக்கள் சொன்னது. ஒற்றை எண்ணுக்குப் பதில் வீச்சாகக் கொடுங்கள். எந்த அனுமானம் மாறினால் முடிவே மாறிவிடும் என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை வந்தால் தாங்குவது இப்படி எழுதிய அறிக்கைதான்.

படி 9: கோப்புக்குள் கொண்டுபோவது

முழு அறிக்கை பின்னிணைப்பு. முன்னால் போகவேண்டியது ஒரு பக்கக் குறிப்பும் ஏ3 தாளில் ஒரு வரைபடமும். தமிழில், சர்வே எண்களோடு. அதிகாரி கோப்பில் எழுதும்போது அப்படியே எடுத்துப்போடத் தோதான வாக்கியங்களாக இருக்கட்டும்: ‘சர்வே எண் இன்னதில் 30 ஏக்கரை உயர்த்தினால் ஏரியின் வெள்ளம் தாங்கும் பங்கு இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறையும், பாதிக்கப்படும் தெருக்கள் இவை.’

கிராம சபைத் தீர்மானம் முதல் படி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஏரிப் பேச்சுக்கு அன்று இடம் கிடைக்கும். வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, திருத்தங்களை அங்கேயே பேனாவால் போட விடுங்கள். ஊர் திருத்திய படத்துக்கு வலு அதிகம். பிறகு மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், நகர்ப்புறம் என்றால் முழுமைத் திட்ட வரைவுக்கான ஆட்சேபணைக் காலம்.

சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காகவே கட்டப்பட்ட அமைப்புகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை இதனால் வெளியே நிற்கின்றன. உங்கள் மதிப்பீடு, இந்த ஏரி பாசனம் தவிர வெள்ளத் தடுப்பு, ஊறல், பறவை வாழிடம் என்று வேறு பணிகளையும் செய்கிறது என்று நிறுவினால், மாநில ஈரநில ஆணையத்திடம் வாதிட ஒரு பிடி கிடைக்கும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகளாக இருந்துகொண்டே 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அதுவரைக்கும் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஏரியை அளந்து எல்லையை நிரந்தரமாகக் குறிக்கவேண்டும் என்று அது சொல்கிறது. படி 2இல் போட்ட முதல் எல்லையை அந்த அளவீட்டின்போது எடுத்துக் கொடுங்கள்.

நேரம் முக்கியம். நிர்வாக அனுமதி வந்து ஒப்பந்தப்புள்ளி கோரியபின் வரும் சிறந்த ஆய்வைவிட, கோப்பு நகரத் தொடங்கும்போது வரும் நடுத்தர ஆய்வு அதிகம் சாதிக்கும். ஆறு வாரத்தில் கையிலிருப்பதை வைத்து முதல் வரைவைக் கொடுத்துவிட்டு, கிணற்று அளவீட்டை ஒரு வருடம் தொடருங்கள்.

படி 10: முடிவு வந்தபின்

நகிவுபோவை வடிக்கும் திட்டம் நின்றது, ஆனால் ஆக்கிரமிப்பும் சாகுபடியும் அதற்குப் பிறகும் அந்தச் சதுப்பைத் தின்றன. சாதகமான முடிவு வந்ததும் வேலையை நிறுத்தாதீர்கள். மடை ஓரத்துக் கல்லில் பெயிண்டால் மீட்டர் அளவுகோல் வரைந்து, கலங்கல் மட்டத்தைத் தனி நிறத்தில் குறித்து, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பை நீர்க்கட்டிக்கோ பள்ளி மாணவர்களுக்கோ கொடுங்கள். அதே கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை அளந்துபாருங்கள். முழுக் கொள்ளளவுக் கோட்டில் நட்ட கற்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு கோடையிலும் நடந்து பாருங்கள். கோடுகளும் எண்களும் மாறும்போது வரைபடத்தில் தேதி போட்டுப் புதுப் பதிப்பு எடுத்து, ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதியை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.